ஐபிசெக் டன்னல் ஊர்கிறதா? ஏஇஎஸ்-என்ஐ ஓடுகிறதா என்று பாருங்கள்

இரண்டு லினக்ஸ் சர்வருக்கு நடுவே ஐபிசெக் (பாக்கெட்டுகளை என்கிரிப்ட் செய்து அனுப்பும் டன்னல்) போட்டாச்சு. டன்னலுக்கு வெளியே, நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3-ஐ ஓட்டினால் ஒரு ஜிகாபிட் கிட்டத்தட்ட முழுசாக வருகிறது, டன்னலுக்குள் ஓட்டினால் அதில் கால்வாசிகூட இல்லை, டாப்பில் பார்த்தால் ஒரே ஒரு கோர் மட்டும் 100 சதவீதத்தில் திணறுகிறது. நெட்வொர்க் கார்டைத் திட்டுவதற்கு முன்னால் என்கிரிப்ஷனைச் சந்தேகப்படுங்கள்.

ஏஇஎஸ் என்ற என்கிரிப்ஷன் கணக்கைச் சிப்பிலேயே போடும் இன்ஸ்ட்ரக்‌ஷன்கள்தான் ஏஇஎஸ்-என்ஐ, 2010-இல் இன்டெல் வெஸ்ட்மியர் சிப்களோடு வந்தவை. ஏஇஎஸ்-இல் 128 பிட் சாவிக்கு 10 சுற்று, 256-க்கு 14. ஒரு சுற்றுக்கு ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன் போதும். அது இல்லாவிட்டால் கெர்னல் ஒவ்வொரு சுற்றையும் டேபிளில் தேடித் தேடிப் போடும்.

முதலில் ப்ராக் டைரக்டரியில் சிபியுஇன்ஃபோ கோப்பைத் திறந்து, ஃபிளாக்ஸ் வரியில் ஏஇஎஸ், பிசிஎல்முல்க்யூடிக்யூ இரண்டும் இருக்கின்றனவா பாருங்கள். விர்ச்சுவல் மெஷினில் காணவில்லையென்றால் பெரும்பாலும் சிப்பில் குறை இருக்காது, மெஷினுக்குக் கொடுத்த சிபியு வகைதான் மறைத்திருக்கும். அதை ஹோஸ்ட் என்று மாற்றி, முழுசாக நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். உள்ளேயிருந்து ரீபூட் மட்டும் அடித்தால் மாறாது.

நிறையப் பேர் ஓபன்எஸ்எஸ்எல் ஸ்பீட் என்ற வேகச் சோதனையை ஓட்டிப் பார்த்து, வேகமாக இருக்கிறதே என்று திருப்தியாகிவிடுகிறார்கள். அது யூசர்ஸ்பேஸ் கணக்கு, அதாவது கெர்னலுக்கு வெளியே ஓடும் நிரலின் வேகம். ஐபிசெக் பாக்கெட்டைக் கட்டுவது கெர்னல், அதற்கு ஏஇஎஸ்என்ஐ இன்டெல் மாட்யூல் தனியாக ஏறியிருக்க வேண்டும். ப்ராக் டைரக்டரியிலேயே கிரிப்டோ என்ற கோப்பு இருக்கும், அதில் ஆர்எஃப்சி4106 என்று தொடங்கும் ஜிசிஎம் (ஏஇஎஸ்-ஐப் பயன்படுத்தும் முறைகளில் ஒன்று) பதிவைத் தேடி டிரைவர் வரியைப் படியுங்கள். பதிவு பல இருந்தால் பிரையாரிட்டி எண் பெரிதாக இருப்பதைத்தான் கெர்னல் எடுக்கும். பெயரில் ஏஇஎஸ்என்ஐ அல்லது அதன் புதிய வடிவமான விஏஇஎஸ் வந்தால் சரி. (ஜெனரிக்-ஜிசிஎம்-ஏஇஎஸ்என்ஐ என்று ஒன்று இருக்கும், ஜெனரிக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதுவும் வேகமானதுதான், பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.) ஏஇஎஸ்-ஜெனரிக் மட்டும் தெரிந்தால் மோட்ப்ரோப் கட்டளை கொண்டு மாட்யூலை ஏற்றி, டன்னலையும் திரும்பத் தொடங்குங்கள். ஏற்கெனவே ஓடும் டன்னல், தொடங்கும்போது எதைப் பிடித்ததோ அதையே விடாமல் வைத்திருக்கும்.

அப்புறம் சைஃபர். பழைய கான்ஃபிகில் சிபிசி (ஏஇஎஸ்-ஐப் பயன்படுத்தும் இன்னொரு முறை) இருந்தால் இரண்டு பக்கமும் ஜிசிஎம்முக்கு மாற்றுங்கள். சிபிசியில் என்கிரிப்ட் செய்யும்போது ஒரு பிளாக் (தரவின் சிறு துண்டு) முடியாமல் அடுத்ததைத் தொட முடியாது, இன்ஸ்ட்ரக்‌ஷன் எவ்வளவு வேகமாக இருந்தாலும் வரிசையில் நின்றே ஆக வேண்டும். ஜிசிஎம்மில் பிளாக்குகள் ஒன்றையொன்று எதிர்பார்ப்பதில்லை, பல பிளாக்குகளை ஒரே நேரத்தில் பைப்லைனில் நிரப்பலாம். பாக்கெட்டை வழியில் யாரும் மாற்றவில்லை என்ற சரிபார்ப்புக் கணக்கை, முன்பு ஃபிளாக்ஸ் வரியில் தேடிய பிசிஎல்முல்க்யூடிக்யூ பார்த்துக்கொள்ளும்.

வயர்கார்டு என்ற இன்னொரு வகை டன்னலுக்கு இதெல்லாம் உதவாது, அது ஏஇஎஸ் இல்லை, சாச்சா20 என்ற வேறு சைஃபர். ராஸ்பெரி பை 4-இல் ஏஇஎஸ் இன்ஸ்ட்ரக்‌ஷன்களே கிடையாது என்பதால் அங்கே நான் வயர்கார்டுதான் போடுவேன்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கும் பக்கத்தில் ஒரு கோர்தான் நிரம்புகிறதென்றால், ஐபிசெக் கட்டி அனுப்பும் இஎஸ்பி பாக்கெட்டில் போர்ட் எண் வெளியே தெரியாது, அதனால் பல நெட்வொர்க் கார்டுகள் ஐபி முகவரிகளை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் ஒரே க்யூவில், அதாவது ஒரே கோருக்கு, தள்ளிவிடும். அதற்கு ஏஇஎஸ்-என்ஐ ஒன்றும் செய்ய முடியாது.