வீட்டுக் கொம்பியூட்டருக்கு இன்னொரு டிரைவ்: கடைக்குப் போகமுதல் பார்க்க வேண்டியவை

"எத்தனை டி.பி. வேணும்?" என்றுதான் கடையில் முதலில் கேட்பார்கள் (டி.பி. என்பது டெராபைட், ஏறத்தாழ 1,000 ஜி.பி.). ஆனால் அதற்கு முதல் தெரிந்திருக்க வேண்டியது, உங்கள் பெட்டிக்குள் எது பொருந்தும் என்பதுதான். வவுனியாவில் வாங்கி, புதுக்குடியிருப்புக்குக் கொண்டுவந்த பிறகு பொருந்தவில்லை என்றால் மாற்றுவதற்கு இன்னொரு பஸ் பயணம். கொழும்பிலிருந்து கூரியரில் எடுத்திருந்தால் அலைச்சல் இன்னும் கூட. ஆகவே ஸ்குரூ டிரைவரில் இருந்து தொடங்குவோம்.

படி 1: பெட்டியைத் திறவுங்கள்

சுவர் பிளக்கைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 5 செக்கன் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். பக்கத் தகட்டைக் கழற்றி, பெட்டியின் வெறும் இரும்பில் ஒருமுறை கை வையுங்கள். பிறகு இரண்டு விடயங்களைத் தேடுங்கள். ஒன்று, மதர்போர்டில் எல் வடிவ வாயுள்ள சாட்டா போர்ட் (டிரைவின் தரவு வயர் பூட்டும் இடம்) வெறுமையாக இருக்கிறதா? மற்றது, பவர் சப்ளையில் இருந்து வரும் அகலமான 15 பின் கனெக்டர் மிச்சம் இருக்கிறதா?

அலுவலகங்களில் கழித்து விற்கும் சின்ன டெஸ்க்டொப்களில் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான் இடிக்கும். பவர் கனெக்டர் போதாவிட்டால் பழைய 4 பின் மொலெக்ஸ் வயரை சாட்டாவாக மாற்றும் கேபிள் ஒன்றைக் கடையில் எடுத்துத் தருவார்கள். அதன் முனையை நன்றாகப் பாருங்கள். வயர்களைச் சுற்றி பிளாஸ்ரிக் வார்த்து ஒட்டியிருந்தால் வேண்டாம். உள்ளே வயர்கள் ஒன்றோடொன்று முட்டி உருகி எரிந்த சம்பவங்கள் பல. வயர்கள் தனித்தனியாகப் பொருத்தப்பட்ட வகையைக் கேளுங்கள்.

அடுத்தது எம்.2, அதாவது எஸ்.எஸ்.டி.யை (சுழலும் தட்டில்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) வயரில்லாமல் நேரே பொருத்தும் இடம். மதர்போர்டில் விரலளவு நீளமான தட்டை இடமொன்று, முனையில் சின்ன ஸ்குரூவுடன் இருந்தால் அதுதான். நாலாம் தலைமுறை இன்டெல் வரையான பழைய போர்டுகளில் பொதுவாக இது இராது. இருந்தாலும், அது சாட்டாவை எடுக்குமா, என்.வி.எம்.ஈ. என்ற இன்னும் வேகமான வகையை எடுக்குமா என்று போர்டின் மொடல் இலக்கத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். இரண்டு வகை எஸ்.எஸ்.டி.யும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஒன்றுக்கு மட்டுமான இடத்தில் மற்றது வேலை செய்யாது. நீளமும் முக்கியம்: 2280 என்றால் 22 மில்லிமீற்றர் அகலம், 80 மில்லிமீற்றர் நீளம். சில போர்டுகளில் எம்.2 இடத்தைப் பாவித்தால் சாட்டா போர்ட் ஒன்று தானாக நின்றுவிடும். பழைய டிஸ்க் காணாமற் போய்விட்டது என்று பதறவேண்டாம், வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

படி 2: எதற்கு என்று முடிவெடுங்கள்

கொம்பியூட்டர் மந்தமாக இருக்கிறது என்றால் வேண்டியது இடம் அல்ல, வேகம். 240 அல்லது 480 ஜி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கி விண்டோஸை அதற்கு மாற்றுங்கள். தட்டுச் சுழலும் ஹாட் டிஸ்க் செக்கனுக்கு 100 முதல் 200 எம்.பி. வரைதான் வாசிக்கும், சாட்டா எஸ்.எஸ்.டி. 550 வரை போகும். இதைவிடப் பெரிய வித்தியாசம், சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுப்பதில் தெரியும். என்.வி.எம்.ஈ. இன்னும் பல மடங்கு வேகம். ஆனால் படமும் பாட்டும் பிள்ளைகளின் பாடக் குறிப்பும் வைத்திருக்கும் வீட்டில் அந்த மேலதிக வேகத்துக்குக் காசு கொடுப்பது வீண் என்பது எங்கள் கருத்து.

சேமிக்கத்தான் என்றால் கணக்குப் போடுங்கள். போன் படம் ஒன்று 4 எம்.பி. என்றால் 50,000 படத்துக்கு 200 ஜி.பி. 4கே வீடியோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 முதல் 350 எம்.பி. வரை பிடிக்கும். வந்த கணக்கை இரண்டு மடங்காக்கி வாங்குங்கள். 1 டி.பி. டிரைவ் விண்டோஸில் 931 ஜி.பி. என்றுதான் காட்டும், கடைக்காரர் ஏமாற்றவில்லை, எண்ணும் முறைதான் வேறு.

வெளியே வைக்கும் டிரைவ் என்றால் 2.5 அங்குலமே இங்கே தோது. அது யூ.எஸ்.பி. வயரிலேயே ஓடும். 3.5 அங்குலத்துக்குத் தனி அடப்டர் வேண்டும். கரண்ட் போனால் லாப்டொப் பற்றரியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் மட்டும் நின்றுவிடும். எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் அப்படி நின்றால் கோப்பு அட்டவணையே குழம்பலாம். டெஸ்க்டொப்பில் ஹாட் டிஸ்க் போடுபவர்கள் 650 வி.ஏ. யூ.பி.எஸ். ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். சில நிமிடங்கள்தான் தாங்கும், ஒழுங்காக நிறுத்த அது போதும்.

படி 3: வாங்கும்போது

நம்பமுடியாத விலையில் 16 டி.பி. எஸ்.எஸ்.டி. என்று இணையத்தில் வருபவற்றை அப்படியே கடந்து போங்கள். உள்ளே சின்ன மெமரி கார்ட் ஒன்றை வைத்து, பெரிய அளவாகக் காட்டும்படி மாற்றியிருப்பார்கள். நிரம்பியதும் பழைய கோப்புகளுக்கு மேலேயே எழுதும். திறந்து பார்க்கும் நாளில்தான் தெரியவரும்.

கைமாறிய ஹாட் டிஸ்க் என்றால் அந்த இடத்திலேயே, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ செயலியில் காட்டச் சொல்லுங்கள். பவர் ஓன் ஹவர்ஸ் (ஓடிய மணித்தியாலம்) 26,000 என்றால் மூன்று வருடம் இரவு பகலாக ஓடியது, அனேகமாக சி.சி.டி.வி. பெட்டியில் இருந்து கழற்றியது. டிஸ்க்கில் பழுதான இடங்களை எண்ணும் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளிலும் கடைசி நிரல் பூச்சியமாக இருக்கவேண்டும். சி5இல் ஏதும் எண் இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள். புதியது என்றால் டிரைவில் உள்ள தொடரிலக்கத்தைப் பில்லில் எழுதுவித்து, வொரண்டி ஸ்டிக்கரைக் கிழிக்காமல் பாதுகாத்து வையுங்கள்.

படி 4: பூட்டி, சோதித்து, பிறகு பாவியுங்கள்

பூட்டியபின் விண்டோஸ் விசையோடு எக்ஸை அழுத்தி, டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறவுங்கள். புதிய டிரைவ் கறுப்புப் பட்டையாகத் தெரியும். இனிஷியலைஸ் (டிஸ்க்கை முதன்முதலாகத் தயார்ப்படுத்தல்) கேட்டால் ஜி.பி.டி.யைத் தெரியுங்கள், மற்றத் தெரிவான எம்.பி.ஆர். 2 டி.பி.க்கு மேல் போகாது. பட்டையில் வலது கிளிக் செய்து நியூ சிம்பிள் வொலியூம், பிறகு ஃபோர்மட் வகையாக என்.டி.எஃப்.எஸ். மக் கணினியிலும் எழுதவேண்டிய டிரைவ் என்றால் எக்ஸ்ஃபாட். ஃபாட்32 வேண்டாம், 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கல்யாண வீடியோவை அது ஏற்காது. கவனம்: ஏற்கனவே கோப்பு உள்ள பழைய டிஸ்க்கைப் பூட்டும்போது "ஃபோர்மட் செய்யவா" என்று கேட்டால் கான்சல்தான் பதில்.

கோப்பு ஏற்றமுதல் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசச் செயலியால் முழு டிரைவையும் எழுதி வாசியுங்கள். 1 டி.பி.க்கு, செக்கனுக்கு 100 எம்.பி. வேகத்தில், எழுத மூன்று மணித்தியாலம், வாசிக்க இன்னொரு மூன்று. கடை மாற்றித்தரும் நாட்களுக்குள் இதைச் செய்துவிடுங்கள். வெளி டிரைவ் டிக் டிக் என்று சத்தம் போட்டு அணைந்தால் பழுதென்று உடனே முடிவுகட்டாதீர்கள். முன்பக்கப் போர்ட்டில் மின்சாரம் போதாமல் இருக்கலாம். பின்பக்க நீலநிறப் போர்ட்டில் குட்டை வயரோடு பூட்டிப் பாருங்கள்.

சூடும் பிறகான பராமரிப்பும்

சீற் கூரை வீட்டில், சித்திரை வெயிலில், மூடிய மேசைப் பெட்டிக்குள் கொம்பியூட்டர் இருந்தால் ஹாட் டிஸ்க் 50 பாகை செல்சியஸைத் தாண்டும். பெரும்பாலான டிஸ்க்குகளின் உச்ச எல்லை 60. பெட்டியை வெளியே எடுங்கள். முன் காற்றாடியின் செம்புழுதியை மாதம் ஒருக்கால் தூரிகையால் தட்டுங்கள்.

இடம் பெயர்ந்தபோது அல்பங்களையும் காணி உறுதிகளையும் இழந்த குடும்பங்கள் இங்கே எத்தனையோ. மிஞ்சியதை ஸ்கான் செய்து டிரைவில் போட்டுவிட்டு மூலக் கோப்பைப் போனில் அழித்தால், மறுபடி ஒரேயொரு பிரதிதான் மிஞ்சும். இரண்டாவது டிரைவ் ஒன்றில் ஏற்றி வேறு வீட்டில் வையுங்கள். அதற்கு ஹாட் டிஸ்க் நல்லது. எஸ்.எஸ்.டி. மின்சாரமில்லாமல் கிடந்தால் மெல்ல மெல்லத் தரவை இழக்கும், சூட்டில் இன்னும் விரைவாக. எஸ்.எஸ்.டி.தான் இருக்கிறதென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூட்டி, சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். 3.5 அங்குல வெளி டிஸ்க் வைத்திருப்பவர்கள் அதன் 12 வோல்ட் அடப்டரில் பெயர் எழுதி ஒட்டுங்கள். லாப்டொப்பின் 19 வோல்ட் முனையும் சிலவேளை அதே ஓட்டைக்குள் போகும், போனால் போர்ட் எரிந்துவிடும்.