பனியில் வழுக்காமல் நடக்க: மைக்ரோஸ்பைக்ஸா, கிராம்பானா?

டெல்லி கரோல் பாக்கில் எங்கள் மாடியில் குடியிருக்கும் மதுரைத் தம்பிகள் இருவர் ஜனவரியில் உத்தரகாண்டில் இருக்கும் கேதார்கண்டா மலைக்கு ட்ரெக்கிங் கிளம்புகிறார்கள். "அண்ணா, கிராம்பான் வாங்கணுமா?" என்று கேட்டார்கள். பனியில் வழுக்காமலிருக்க ஷூவுக்கு அடியில் மாட்டும் பெரிய உலோக முட்கள்தான் கிராம்பான்; மைக்ரோஸ்பைக்ஸ் அதைவிடச் சின்ன முட்கள் கொண்டது. அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் போகிற பாதையைப் பாருங்கள், கடைக்கு அப்புறம் போகலாம். ஆட்கள் நடந்து நடந்து இறுகிய பனி, மிதமான ஏற்றம் என்றால் மைக்ரோஸ்பைக்ஸ் போதும். ரப்பர் பட்டை, அடியில் எஃகுச் சங்கிலி, அதில் ஒரு செ.மீ. அளவுக்கு முட்கள், ஜோடி சுமார் 400 கிராம். சுமார் 12,500 அடி உயரமுள்ள கேதார்கண்டாவின் வழக்கமான பாதைக்கு இதுதான் பொருத்தம். சரிவு செங்குத்தாகி, பனி கண்ணாடி போலக் கெட்டிப்பட்டிருக்கும் இடங்களுக்குத்தான் 10, 12 முள் கிராம்பான். அங்கே ஐஸ் கோடரியும் அதைப் பிடிக்கப் பயிற்சியும் வேண்டும். உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிறுவனம் இருக்கிறது; அப்படி ஓர் இடத்தில் கற்றுக்கொண்டு போங்கள்.

எடை குறைவு என்று அலுமினியக் கிராம்பானுக்கு ஆசைப்பட வேண்டாம். பனியில் மட்டும் நடந்தால் சரி. நடுவில் பாறை வந்தால் முள் சீக்கிரம் மழுங்கிவிடும். நான் எஃகைத்தான் வாங்குவேன். ரப்பரில் ஆணி பதித்த மலிவு வகையையும் தொடாதீர்கள், ஆணி கழன்று விழும்.

அடுத்தது மைக்ரோஸ்பைக்ஸின் அளவு. நான் அடிபட்டது இங்கேதான். வழக்கமாக ஓடப் போடும் ஷூ 9ஆம் நம்பர் என்பதால் அட்டவணையில் 9க்கு எதிரே இருந்ததையே வாங்கினேன். ட்ரெக்கிங் ஷூவின் முன்பக்கம் அதைவிட அகலம், அடியும் தடிமன். உச்சிக்குப் போன அன்று விடியற்காலை நாலு மணி இருட்டில், இழுபட்டிருந்த ரப்பர் வலது கால் நுனியிலிருந்து நழுவியது. முட்கள் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ள, கால் சறுக்கியது. பின்னால் வந்த வழிகாட்டி தோள்பையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் கீழே போயிருப்பேன்.

அதனால் வாங்கும்போது ட்ரெக்கிங் ஷூவைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். நுனியை முதலில் நுழைத்து, குதிகால் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் காதைப் பிடித்து மேலே இழுங்கள். முட்கள் முன்பாதத்துக்கும் குதிகாலுக்கும் நேர் கீழே வர வேண்டும். சங்கிலி தொங்கக் கூடாது, ரப்பர் விண்ணென்று வெளுத்தும் நிற்கக் கூடாது. காலை நன்றாக உதறிப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் இன்னொரு சோதனை: இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்து, காலையில் கையுறையோடு மாட்டுங்கள். குளிரில் ரப்பர் விறைத்துப்போகும். கரோல் பாக்கில் வராவிட்டால் மலையிலும் வராது.

நடக்கும்போது கால்களைக் கொஞ்சம் அகட்டி வையுங்கள், இல்லாவிட்டால் முள் எதிர்க்கால் பேன்ட்டில் மாட்டும். மதிய வெயிலில் ஈரப்பனி அடியில் உருண்டையாக ஒட்டும். கைத்தடியால் ஷூவின் ஓரத்தில் தட்டி உதிர்த்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் வருபவர்கள் இவற்றை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டிருந்தார்கள். கைப்பையில் வேண்டாம், செக்-இன் பையில் போடுங்கள். முட்கள் மற்ற துணியைக் கிழிக்காமலிருக்க பழைய ஜீன்ஸ் காலை வெட்டி உறையாகத் தைத்துக்கொள்ளலாம். திரும்பும்போது ஈரத்தோடு அந்த உறைக்குள் போடாதீர்கள், இரண்டே நாளில் துருப்பிடிக்கும்.