ஆவணப்படத்துக்குப் பாட்டு போடும் முன்

அழகர் ஆற்றில் இறங்குவதைப் படமெடுத்துவிட்டு, பின்னணியில் பழைய சினிமாப் பாட்டு போடலாம் என்று நினைத்தால், முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஒரு பாட்டுக்குள் இரண்டு உரிமை இருக்கிறது. மெட்டும் வரிகளும் ஒன்று, பதிவான ஒலி இன்னொன்று. ஒலி பெரும்பாலும் ஆடியோ கம்பெனியிடம் இருக்கும். மெட்டும் வரிகளும் யாரிடம் என்று அங்கேயே விசாரியுங்கள். படத்தோடு சேர்க்க ‘சிங்க்’ உரிமம் என்று கேட்க வேண்டும், இரண்டுக்கும். டைட்டிலில் நன்றி போட்டால் போதும் என்பதெல்லாம் சும்மா. பத்து வினாடி பரவாயில்லை என்பதும் அப்படித்தான்.

சரி, நாட்டுப்புறப் பாட்டு? மெட்டு பொதுவானதாக இருக்கலாம், ஆனால் கேசட் பதிவுக்கு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு பாதுகாப்பு உண்டு. பேசாமல் நையாண்டி மேளக்காரர்களை அழைத்து நீங்களே பதிவு செய்யுங்கள். சம்பளம் கொடுக்கும்போதே எந்தப் படம், யூடியூபா ஓடிடியா, எத்தனை வருடம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், வாய்ப்பேச்சு பின்னால் நிற்காது.

அப்புறம் ராயல்டி. 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தப்படி, சினிமாப் பாட்டு தியேட்டருக்கு வெளியே ஒலிக்கும்போது வரும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள பங்கைத் தயாரிப்பாளர் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. பாட்டு எழுதுகிறவர் நீங்கள் என்றால், இந்த ராயல்டியை வசூலித்துக் கொடுக்கும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகிவிடுங்கள்.