துரு முதலிலா, நீலம் முதலிலா? பழைய லீவர் ரைஃபிள் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி வீட்டுக்கு வந்தான். காரின் டிக்கியைத் திறந்து, பெட்ஷீட்டில் சுற்றி வைத்திருந்த வின்செஸ்டர் 94 (மாடல் 1894) ஒன்றை வெளியே எடுத்தான். விசைக்குக் கீழே உள்ள நெம்புகோலை, அதாவது லீவரை, ஆட்டித் தோட்டா ஏற்றும் ரைஃபிள். "அண்ணே, தொண்ணூறு வருஷத்துக்கு மேல ஆன துப்பாக்கி. பாருங்க, புதுசு மாதிரியே இருக்கு" என்றான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினாறு வருடங்களுக்கு முன்னால் நானும் இதே வாக்கியத்தை இதே பெருமையோடு சொல்லியிருக்கிறேன்.

நான் டெக்சாஸில் இருக்கிறேன். இங்கே வார இறுதிகளில் ஏதாவது ஓர் ஊரில் துப்பாக்கிச் சந்தை நடக்கும். மேசை மேசையாகப் பழைய ரைஃபிள்கள் கிடக்கும். நம்மவர்கள் சிலரும் இப்போது அங்கே வர ஆரம்பித்திருக்கிறார்கள். மாடல் 1894 என்றால் 1894இல் செய்தது என்று நினைப்பது, பேரம் பேசாமல் வாங்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை ஒரு தடவை பட்டால் தானே சரியாகிவிடும். ஒன்று மட்டும் அப்படிச் சரியாவதில்லை. அதை முதலில் சொல்கிறேன்.

பளபளப்புக்குக் காசு கொடுப்பது

நான் வாங்கியது 1920களில் செய்த வின்செஸ்டர் 94 கார்பைன், அதாவது குட்டைக் குழல் ரைஃபிள். .30-30 தோட்டா, இடப்பக்கம் சேணத்தில் மாட்டும் வளையம். மேசையின் மற்ற துப்பாக்கிகள் எல்லாம் பழுப்பும் சாம்பலுமாகக் கிடக்க, இது மட்டும் நல்லெண்ணெய் தடவிய கறுங்கல் மாதிரி மின்னியது. விற்றவர் வயதானவர், மரியாதையாகப் பேசினார். 2,100 டாலர். கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் ஒரு பழைய சேகரிப்பாளரிடம் காட்டினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. முன்கட்டைக்கு (குழலுக்குக் கீழே கை பிடிக்கும் மரத்துக்கு) பக்கத்தில் குழலின் மேல் இருந்த ஒரு சின்னத் துருக்குழியை விரல் நகத்தால் தொட்டார். "இந்தக் குழிக்குள்ளேயும் நீலம் இருக்கிறதே, துரு முதலில் வந்ததா, நீலம் முதலில் வந்ததா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். இரும்பு துருப்பிடித்துக் குழி விழுந்தால் அந்த இடத்தில் பழைய மெருகு போய்விட்டது என்று அர்த்தம். குழிக்குள்ளே புது மெருகு இருந்தால், யாரோ துருவைத் தேய்த்துவிட்டு மறுபடி முக்கி எடுத்திருக்கிறார்கள். இதைத்தான் ரீபுளூ என்பார்கள். இரும்பின் மேலுள்ள அந்த நீலக்கறுப்பு மெருகுதான் புளூயிங். சேகரிப்பாளர்கள் பணம் கொடுப்பது தொழிற்சாலையில் ஏறிய அசல் மெருகுக்கு. அது பாதி தேய்ந்திருந்தாலும் மதிப்பு உண்டு. மறுபூச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது சுடுவதற்கான துப்பாக்கி, அந்த விலைதான். என்னுடையதற்கு அவர் சொன்ன விலை 800 டாலர்.

இன்றுவரை என்னை உறுத்துவது 1,300 டாலர் அல்ல. விற்றவர் பொய் சொல்லவில்லை. "நல்ல நிலையில் இருக்கிறது" என்றார், இருந்தது. "அசல் மெருகு" என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் முகமே சொல்லியிருக்கும். இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது அதைத்தான்: "மெருகு தொழிற்சாலையில் ஏறியதா? ரசீதில் அப்படி எழுதித் தருவீர்களா?" பாதிப் பேர் இரண்டாவது கேள்வியிலேயே விலையைக் குறைத்துவிடுகிறார்கள்.

கேட்பதற்கு முன்னால் கண்ணால் பார்க்க வேண்டியவையும் உண்டு. துருவை எடுக்கப் பஃபிங் சக்கரத்தில் (மெருகு தேய்க்கும் சக்கரத்தில்) பிடித்தால் விளிம்புகள் மழுங்கும். ரிசீவரின் (குழலுக்குப் பின்னால் இயங்கும் பாகங்களைத் தாங்கும் இரும்புக் கூட்டின்) தட்டையான பக்கங்கள் சந்திக்கும் கோடு கத்தி மாதிரி இருக்க வேண்டும். சோப்புக் கட்டி மாதிரி உருண்டிருந்தால் சந்தேகப்படுங்கள். திருகு ஓட்டைகளைச் சுற்றிப் பாருங்கள். சக்கரம் அங்கே இரும்பை இழுத்துத் தின்று, ஓட்டையின் வாய் சின்னக் கிண்ணம்போலக் குழிந்திருக்கும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

அப்புறம் எழுத்துகள். குழலின் மேல் எழுத்தை அழுத்திப் பதிக்கும்போது இரும்பு ஓரத்தில் கொஞ்சம் எழும்பி நிற்கும். நகத்தை மெதுவாக ஓட்டினால் தட்டுப்படும். மெருகேற்றியவன் அதை முதலில் தேய்த்துவிடுவான். எழுத்தின் மெல்லிய கோடுகள் மறைந்து, தடித்த கோடுகள் மட்டும் மிஞ்சும்.

எல்லாப் பாகமும் ஒரே கறுப்பாக இருப்பதும் நல்லதில்லை. குழல் ஒரு வகை எஃகு, ரிசீவர் வேறு, லீவர் வேறு. எண்பது தொண்ணூறு வருடத்தில் ஒவ்வொன்றும் தன் போக்கில் மங்கும். முதல் உலகப் போரை ஒட்டிய காலத்திலும் அதற்குப் பின் சில வருடங்களும் வந்த வின்செஸ்டர் ரிசீவர்களில் மெருகு செதில் செதிலாக உதிர்வது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்தக் காலத்து ரிசீவர் ஒரு செதில்கூட விழாமல் இருந்தால் மகிழ்ச்சிக்கு முன்னால் சந்தேகம் வர வேண்டும். எனக்கு வரவில்லை.

கடைசியாக மரம். தொழிற்சாலையில் பின்கட்டையை (தோளில் வைக்கும் மரத்தை) இரும்போடு சேர்க்கும்போது, மரம் இரும்பைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கும். கீறலை எடுக்க உப்புத்தாள் போட்டவர்கள் அதை இரும்புக்குச் சமமாக, சில நேரம் கீழேயும் இறக்கிவிடுவார்கள். இணைப்பில் விரலை ஓட்டினால் போதும். மரமெல்லாம் குத்தும் கீறலும், இரும்பு மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தாலும் அதே கதைதான். சேணத்திலும் தோளிலும் கிடந்த துப்பாக்கியில் எங்கே கை பிடிக்குமோ அங்கே, ரிசீவரின் அடிவயிற்றில், மெருகு போயிருக்க வேண்டும்.

சீரியல் எண்ணோடு நின்றுவிடுவது

வின்செஸ்டர் 94இல் எண் ரிசீவரின் அடியில் இருக்கும். அதை வைத்து வருடம் சொல்லும் பட்டியல்கள் ஏராளம். ஆனால் பரவலாகச் சுற்றும் பட்டியலும், வயோமிங் மாநிலம் கோடி (Cody) நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கும் தொழிற்சாலைப் பதிவேடுகளும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. 1898 முடிவதற்குள் செய்த ரிசீவர் என்றால் கூட்டாட்சிச் சட்டத்தில் அது "பழம்பொருள்". வாங்குவது விற்பது எல்லாம் வேறு கணக்கு. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள எண் என்றால் பட்டியலை நம்பாமல் கோடி அருங்காட்சியகத்திடம் கட்டணம் கட்டிக் கடிதம் வாங்குங்கள். மாடல் 1894க்கு 3,53,999ஆம் எண் வரை அவர்களிடம் பதிவு இருக்கிறது. எண்ணோடு, துப்பாக்கி எந்த உருவத்தில் தொழிற்சாலையை விட்டு வெளியே போனது என்பதும் அதில் வரும்.

எண் ரிசீவரின் வயதைத்தான் சொல்லும், குழலின் வயதை அல்ல. 1905 நடுவிலிருந்து வின்செஸ்டர் குழலிலும் ரிசீவரிலும் நீள்வட்டத்துக்குள் டபிள்யூ, பி என்ற சோதனை முத்திரையைப் போட்டது. ஒன்றில் இருந்து மற்றதில் இல்லை என்றால் இரண்டும் பின்னால் சேர்ந்த ஜோடி. வட்டத்துக்குள் பி மட்டும் தனியாக இருந்தால் அது தபாலில் தனியாக விற்ற மாற்றுக் குழல்.

"1964க்கு முந்தையது" என்ற சொல்லுக்கு விற்பவர்கள் கூடுதல் விலை கேட்பார்கள். அந்த வருடம் செலவைக் குறைக்க வடிவமைப்பை மாற்றினார்கள். தோட்டாவைத் தூக்கும் பாகம் அதுவரை கடைந்தெடுத்த எஃகு, அப்புறம் தகட்டில் அடித்தது. புதிய எண் வரிசை 27 லட்சத்தில் தொடங்கியது, அதற்குக் கீழே இருந்தால் பழையது. புதிய ரிசீவரின் உலோகம் வேறு, சாதாரண புளூயிங் தொட்டியில் சரியாகப் பிடிக்காமல் ஊதாவாகும். அப்படி நாவல்பழ நிறத்தில் ஒரு 94ஐப் பார்த்தால், கதை என்ன என்று கேட்கவே வேண்டாம்.

மார்லின் (லீவர் ரைஃபிள் செய்யும் இன்னொரு நிறுவனம்) என்றால் குழலில் ஜே.எம். முத்திரையைத் தேடுங்கள், பழைய தொழிற்சாலையின் அடையாளம் அது. 1973 முதல் அந்த நூற்றாண்டு முடியும் வரை, எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களை 100லிருந்து கழித்தால் வருடம். 25 என்று தொடங்கினால் 1975.

தோட்டாவை ஊகிப்பது

குழலில் "30 டபிள்யூ.சி.எஃப்." என்று இருந்தால் அது .30-30தான், பயப்பட வேண்டாம். ஆனால் "32 டபிள்யூ.எஸ்." வேறு தோட்டா. சாவேஜ் 99 என்ற இன்னொரு பழைய லீவர் ரைஃபிளில் வரும் .303 சாவேஜும், நம் ஊர்ப் போலீஸ்காரர் தோளில் பார்த்து வளர்ந்தோமே அந்த .303உம் ஒன்றல்ல. பெயரைப் பார்த்து வாங்கிப் போடாதீர்கள். யாராவது குழலை மறுபடி கடைந்து வேறு தோட்டாவுக்கு மாற்றியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து, தோட்டா உட்காரும் அறையை அச்செடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

குழாய் மேகசின் (குழலுக்குக் கீழே தோட்டாக்களை வைக்கும் குழாய்) உள்ளவற்றில் தட்டை மூக்குக் குண்டுதான். தோட்டாக்கள் ஒன்றின் பின் ஒன்றாக நிற்பதால் கூர்மூக்கு முன்னாலிருப்பதன் பிரைமரில் (தோட்டாவின் அடியில் அடிபட்டால் தீப்பற்றும் பகுதியில்) குத்தி நிற்கும். சாவேஜ் 99இல் சுழல் மேகசின், வின்செஸ்டர் 1895இல் பெட்டி மேகசின், அங்கே இந்தத் தொல்லை இல்லை.

குழலுக்குள் பார்க்காதது

வின்செஸ்டர் 94ஐ வாய்ப்பக்கத்திலிருந்துதான் பார்க்க முடியும். லீவரைத் திறந்து, அறை காலியா, குழாய் மேகசினில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்ட பிறகு, உள்ளே ஒரு வெள்ளைத் தாள் துண்டை வைத்து டார்ச் அடியுங்கள். (ஒரு சந்தையில் "காலி" என்று கொடுத்த துப்பாக்கியின் குழாயில் ஒரு தோட்டா சிக்கி இருந்தது. விற்றவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.) அந்தக் காலத்துப் பிரைமர்கள் அரிக்கும் வகை. சுட்டுவிட்டுத் துடைக்காமல் வைத்த குழல்கள் உள்ளே இருண்டிருக்கும். சேகரிக்க என்றால் பரவாயில்லை. சுட என்றால் விலையைக் குறையுங்கள்.

கூடுதல் துளைகள்

ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்ட ரிசீவரில் துளை போட்டிருந்தால் சேகரிப்பு விலை கொடுக்காதீர்கள்.

நினைவுப் பதிப்புகள் (விழா, ஆண்டு நிறைவு நினைவாகச் செய்தவை)

வேண்டாம்.

விசா

இதைச் சொல்ல எனக்குச் சங்கடம்தான், ஆனால் நம்மவர்களில் பலர் இதில் மாட்டுகிறார்கள். எச்1பி, எஃப்1 மாதிரி விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். சில விதிவிலக்குகள் உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் அவற்றில் ஒன்று. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டம் இதற்கு மேல் தனி. நண்பன் பெயரில் வாங்கித் தரச் சொல்வதும் பெரிய குற்றம். முதலில் வக்கீல், அப்புறம் துப்பாக்கி.

ஊருக்குக் கொண்டுபோகலாமா?

ஆசையை விடுங்கள்.

சரி, அந்தத் தம்பி. பச்சை அட்டைக்காரன்தான், கேட்டுக்கொண்டேன். ரிசீவரின் ஓரத்தில் விரலை ஓட்டச் சொன்னேன். திருகு ஓட்டையைக் காட்டினேன். அவன் முகம் வாடியதைப் பார்த்து, "எவ்வளவு கொடுத்தாய்?" என்றேன். 750 டாலராம். அது சரியான விலை. இந்த நவம்பரில் மான் வேட்டைக்கு எடுத்துப் போகப்போகிறான்.

என்னுடையது இன்னும் அலமாரியில் இருக்கிறது. விற்பதானால் "மறுபூச்சு" என்று அட்டையில் என் கையால் எழுதித்தான் விற்க வேண்டும். மூன்று தடவை அட்டையை எடுத்தேன். மூன்று தடவையும் திரும்ப வைத்துவிட்டேன்.