புது டிராக்டரில் கோளாறா? முதலில் ஜாப் கார்டு

புது டிராக்டர் வாங்கிய சில வாரங்களிலேயே எண்ணெய் கசிவதும் ஹைட்ராலிக் தூக்காமல் நிற்பதும் வயிற்றெரிச்சலான விஷயம்தான். ஆனால் கோபத்தில் போனில் சத்தம் போடுவதால் எதுவும் பதிவாகாது. வாரண்டியைக் காப்பாற்றுவது எழுத்துதான், அதாவது ஜாப் கார்டு: உங்கள் புகாரையும் பார்த்த வேலையையும் டீலரின் சர்வீஸ் ஆட்கள் எழுதிவைக்கும் தாள்.

கோளாறு தெரிந்ததும் ஹவர் மீட்டர் (எஞ்சின் ஓடிய மணி நேரத்தைக் காட்டுவது) அளவோடு சேர்த்துப் படமும் வீடியோவும் எடுத்துவிடுங்கள். விட்டு விட்டு வரும் கோளாறுக்கு இது ரொம்ப முக்கியம். மெக்கானிக் வரும் நேரத்தில் வண்டி ஒழுங்காக ஓடும். அப்போது வீடியோதான் சாட்சி. ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டு போடச் சொல்லி, உங்கள் புகாரை நீங்கள் சொன்னபடியே எழுதியிருக்கிறார்களா என்று படித்துப் பார்த்து நகல் வாங்குங்கள். "சும்மா பார்த்துட்டுப் போறேன்" என்று வந்து போனால் கணக்கில் வராது. அதே கோளாறு திரும்ப வரும்போது, முதல் புகார் வாரண்டிக் காலத்திலேயே பதிவானது என்று காட்ட அந்தத் தாள்தான் வேண்டும்.

வாரண்டி பெரும்பாலும் மாதம், ஓடிய மணி நேரம் இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுவரைதான். டயர், பேட்டரிக்குப் பல நேரம் தனி வாரண்டி. அந்த அட்டைகளையும் கேட்டு வாங்குங்கள். முதல் சர்வீஸ் பல வண்டிகளுக்கு 50 மணி நேரத்தில் வரும், கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். தள்ளிப்போட்டால் அதையே காரணம் காட்டி மறுப்பார்கள். அவசரத்துக்கு வெளி மெக்கானிக்கை டீசல் பம்பில் கம்பெனி வைத்த சீலை உடைக்கவும் விடாதீர்கள்.

டீலர் இழுத்தடித்தால், ஜாப் கார்டு நகல்களோடு கம்பெனிக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள்.