எட்டுப் பக்க காமிக்ஸ்: குருவின் பக்கத்தில் உட்கார்ந்து செய்து பழகலாம்

நன்றாகப் படம் வரைகிறவர்கள்கூட முதல் காமிக்ஸை இரண்டாம் பக்கத்திலேயே விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வரைவது வேறு, காமிக்ஸ் செய்வது வேறு. அச்சுக்கு வேலை செய்து பழகிய ஓவியர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இரண்டாவது சீக்கிரம் கைவரும். நான் ஞாயிறுதோறும் என் சாருடைய மேசை ஓரத்தில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன். எதைத் தனியாகச் செய்வது, எதை எப்போது குருவிடம் காட்டுவது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. டம்மி (மாதிரிப் புத்தகம்)

இரண்டு ஏ4 தாள்களைப் பாதியாக மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகுங்கள். எட்டுப் பக்கம் கிடைக்கும். 1 முதல் 8 வரை எண் போட்டுவிட்டுப் பிரித்துப் பாருங்கள். வெளித்தாளில் ஒருபுறம் 8, 1. மறுபுறம் 2, 7. உள்தாளில் 6, 3. மறுபுறம் 4, 5. அச்சடிக்கும்போது பக்கங்களை இப்படித்தான் அடுக்க வேண்டும். அதனால் டம்மியைப் பத்திரமாக வையுங்கள்.

முதல் பக்கம் அட்டை, எட்டாவது பின்னட்டை. கதைக்கு மிச்சம் ஆறு பக்கம். தாளைத் திருப்பியதும் புதிதாகக் கண்ணில் படுவது இரட்டைப்படைப் பக்கம். எனவே திடுக்கிட வைக்கும் காட்சியை 4 அல்லது 6-ஆம் பக்கத்தின் முதல் கட்டத்தில், அதாவது முதல் படச் சட்டத்தில், வையுங்கள். ஐந்தில் வைத்தால், நான்கைப் படிக்கும்போதே வாசகரின் கண் அங்கே ஓடிவிடும்.

2. குட்டிப் படங்கள்

ஒவ்வொரு பக்கத்தையும் தீப்பெட்டி அளவில் வரையுங்கள். குச்சி மனிதர்கள் போதும். பக்கத்துக்கு நான்கிலிருந்து ஆறு கட்டங்கள். குருவிடம் முதலில் காட்ட வேண்டியது இதைத்தான்.

நான் முதல் தடவை இங்க் போட்டு முடித்த மூன்று பக்கங்களோடு போனேன். சார் ஒரு கட்டத்தில் விரலை வைத்து, "இந்தப் பொண்ணுதானே முதல்ல பேசுறா? அப்புறம் ஏன் வலது பக்கம் நிக்கிறா?" என்று கேட்டார். நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். முதலில் பேசுகிறவர் வலப்பக்கம் நின்றால், வசனம் எழுதும் பலூன்களிலிருந்து பேசுகிறவரை நோக்கி நீளும் வால்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். பக்கம் முழுவதையும் திரும்ப வரைந்தேன். தீப்பெட்டி அளவில் இருந்திருந்தால் அரை நிமிட வேலை.

3. எழுத்து, பிறகு படம்

வசனத்துக்கு இடம் ஒதுக்காமல் படத்தைத் தொடாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. "சொல்லிக்கொண்டிருந்தார்கள்" என்ற ஒரே சொல் பலூனின் அகலத்தைத் தின்றுவிடும். 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் காலத்திலிருந்து நாம் படித்தவற்றில் பெரும்பாலானவை மொழிபெயர்ப்புகள். அவற்றின் பலூன்கள் வேற்றுமொழி வசனத்தின் அளவுக்கு வரையப்பட்டவை. உங்கள் கதையில் பலூனைத் தமிழுக்கென்றே அளந்து போடலாம். எனக்கு இதில்தான் மிகப் பெரிய சந்தோஷம்.

வசனத்தை வாய்விட்டுப் படித்து, மூச்சு விடும் இடத்தில் வரியை மடக்குங்கள். சொல்லை உடைக்கத்தான் வேண்டுமென்றால், புள்ளி வைத்த எழுத்தில் அடுத்த வரி தொடங்கக் கூடாது. ஏ4-இல் வரைந்து, மடித்த புத்தகத்தின் பக்க அளவான ஏ5-க்குச் சுருக்கினால் எல்லாம் 71 சதவீதமாகும். அச்சில் 9 பாயிண்ட் அளவு எழுத்து வேண்டுமானால் மூலத்தில் 13 பாயிண்ட் அளவுக்கு எழுதுங்கள்.

4. பென்சில், இங்க்

பென்சில் முடிந்ததும் இன்னொரு முறை காட்டுங்கள். இங்க் பழகச் சிறந்த வழி, குருவின் பக்கங்களில் வேலை கேட்பது. சார் கறுப்பு நிரப்ப வேண்டிய இடத்தில் சின்னப் பெருக்கல் குறி போட்டுக் கொடுப்பார். பிரஷால் நிரப்ப நிரப்ப, கறுப்பை அவர் எங்கே வைக்கிறார், ஏன் வைக்கிறார் என்பது புரிய ஆரம்பிக்கும். இங்க் நன்றாகக் காய்ந்த பிறகே ரப்பரைத் தொடுங்கள்.

5. ஸ்கேன், அச்சு

கறுப்பு வெள்ளைக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) வையுங்கள். டம்மியைப் பார்த்துப் பக்கங்களை அடுக்கி, இருபுறமும் அச்சிடுங்கள். பிரிண்டரில் தாளைக் குறுகிய விளிம்பு வழியாகத் திருப்பும்படி வைக்க வேண்டும். நீள ஸ்டேப்ளர் இல்லையென்றால் நடு மடிப்பில் மூன்று துளை போட்டு நூலால் தைத்துவிடலாம்.

முதலில் ஒரே ஒரு பிரதி எடுங்கள். அதைக் குருவின் கையில் கொடுத்து, அவர் பென்சிலால் சுழித்த இடங்களைத் திருத்திய பிறகு மற்ற பிரதிகளைப் போடலாம்.