பழங்குடிகள் பற்றிய குழந்தை நூலை வாங்கும் முன்

முதலில் உள்பக்கத்தைப் புரட்டுங்கள். வரைந்தவர் யார், எந்தச் சமூகம், எந்த ஊர் என்று இருக்கிறதா? "பழங்குடிகள் காட்டில் வாழ்ந்தார்கள்" என்று இறந்தகாலத்திலேயே பேசும் புத்தகத்தை நான் வாங்குவதில்லை. அவர்கள் இன்றும் நம்மோடு வாழ்கிறார்கள்!

நல்ல உதாரணம், சென்னை தாரா புக்ஸ் வெளியிட்ட 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்'. மத்தியப் பிரதேசத்தின் கோண்டு பழங்குடி ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் வரைந்த மரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. கையால் செய்த கறுப்புத் தாளில் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் அச்சிட்டது. குழந்தை தாளைத் தடவிப் பார்க்கட்டும், அதுவே பாதி இன்பம். ஆங்கில நூல்தான், கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே படங்களைக் காட்டலாம்.

கோண்டு ஓவியர் ஒவ்வொருவரும் உருவத்துக்குள் புள்ளி, கோடு, வளைவு என்று தனக்கே உரிய வடிவத்தை நிரப்புவார். படித்து முடித்ததும் வேம்போ புளியமரமோ, வீட்டருகே நிற்கும் ஒரு மரத்தின் வெளிக்கோட்டைக் குழந்தையை வரையச் சொல்லுங்கள். உள்ளே நிரப்பும் வடிவம் குழந்தையே கண்டுபிடித்ததாக இருக்கட்டும். புத்தகத்தைப் பார்த்து நகலெடுக்கச் சொல்லாதீர்கள். அந்த வடிவங்கள் அந்தக் கலைஞர்களுடையவை.